வண்டியின் எடையா, ஓட்டுபவரின் எடையா?

நம் சங்க உறுப்பினர்களில், மளிகைக் கடைக்குப் பக்கத்து ஷட்டரில் பிள்ளைகள் சைக்கிளும் வைத்து விற்கும் நண்பர்கள் சிலர் உண்டு. 20 அங்குலச் சக்கரம், தடித்த டயர், உயர்ந்து வளைந்த ஹேண்டில்பார் இருந்துவிட்டால் போதும், எந்தக் கம்பெனித் தயாரிப்பானாலும் நம் பக்கத்தில் அதற்குப் பெயர் "பி.எம்.எக்ஸ்." தான். வாங்க வருகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பே சீட்டுக்கு அடியில் கை கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கிறார். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு கனமா இருக்கே?" என்கிறார் ஒருவர். அடுத்து வருகிறவர் அதே வண்டியைத் தூக்கிவிட்டு, "லேசா இருக்கே, பையன் போடுற ஆட்டத்துக்குத் தாங்குமா?" என்கிறார். இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒலிம்பிக் பந்தயத்தைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்த்துவிட்ட பையன், எடை குறைந்த வண்டிதான் வேண்டும் என்று வீட்டில் நச்சரிக்கிறான். தகப்பனாரோ, "முதலில் உன் உடம்பைக் குறை, வண்டி தானாக ஓடும்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி? வண்டியின் எடை முக்கியமா, ஓட்டுபவரின் எடை முக்கியமா? விளையாட்டுச் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தவறான பதிலால் ஒரு வீட்டில் ஆயிரக்கணக்கில் வீண் செலவு ஆகிறது. இன்னொரு வீட்டில் வளருகிற பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கிறது. எடை என்பது நம்முடைய தொழில். ஆகவே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாமே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கலிபோர்னியாச் சிறுவர்கள்

பி.எம்.எக்ஸ். என்பது "பைசைக்கிள் மோட்டோகிராஸ்" என்பதன் சுருக்கம். மண் மேடு பள்ளங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயத்துக்கு மோட்டோகிராஸ் என்று பெயர். 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாச் சிறுவர்கள் அந்தப் பந்தயங்களைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள் இல்லாத குறையைத் தங்கள் சைக்கிளில் தீர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் ஷ்வின் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த "ஸ்டிங்-ரே" என்ற 20 அங்குலச் சக்கர வண்டி. அது பந்தயத்துக்கென்று செய்தது அல்ல. தெருவில் பகட்டாக ஓட்டுவதற்கென்று செய்த கனத்த எஃகு வண்டி. சிறுவர்கள் முதலில் செய்த காரியம் எடைக் குறைப்புத்தான். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி வீட்டு மூலையில் போட்டார்கள். காலணா செலவில்லை.

1970 நவம்பரில் லாங் பீச் நகரத்தில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற பள்ளிக்கூடப் பையன் காலி இடம் ஒன்றில் இத்தகைய பந்தயத்தை ஒழுங்காக நடத்தத் தொடங்கினான். 1971-ல் வெளிவந்த "ஆன் எனி சன்டே" என்ற மோட்டார் சைக்கிள் படத்தின் தொடக்கத்தில், ஸ்டிங்-ரே வண்டிகளில் சிறுவர்கள் மண் மேட்டில் பறக்கும் காட்சி வந்தது. நாடு முழுவதும் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்?

பிள்ளைகள் பறந்தார்கள், வண்டிகள் நொறுங்கின. மேட்டிலிருந்து குதித்து இறங்கியதும் ஃபோர்க் வளைந்தது, ஸ்போக்ஸ் கம்பிகள் அறுந்து சக்கரம் எட்டுப் போட்டது. இந்த இடத்தில்தான் வியாபாரம் உள்ளே நுழைந்தது. 1970-களின் நடுவில் ரெட்லைன் கம்பெனி, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான எஃகுக் குழாயில் ஃபோர்க் செய்து விற்றது. ஸ்கிப் ஹெஸ் என்பவர் ஸ்போக்ஸே இல்லாமல் உலோகத்தை வார்த்து "மோட்டோமேக்" என்ற சக்கரத்தைச் செய்தார். அதிலிருந்துதான் மங்கூஸ் என்ற சைக்கிள் பெயர் வளர்ந்தது. அந்த வார்ப்புச் சக்கரம் ஸ்போக்ஸ் சக்கரத்தைவிடக் கனமானது. இருந்தும் விற்றது. பாதி வழியில் உடையும் லேசான சக்கரத்தைவிட, கடைசிவரை உருளும் கனமான சக்கரம் மேல் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். எடையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய கதையை மறக்கக் கூடாது என்பது நம் கருத்து.

பிற்பாடு வளர்ச்சி வேகமாக நடந்தது. 1982-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் முதல் உலகப் போட்டி. அதே ஆண்டு வந்த "ஈ.டி." படத்தில் பிள்ளைகள் ஓட்டிய வண்டிகளைப் பார்த்து உலகமெங்கும் கிராக்கி கூடியது. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டாயிற்று.

தராசில் வைத்துப் பார்த்தால்

ஒலிம்பிக் தரப் பந்தயத்தில் 8 மீட்டர் உயரமுள்ள சரிவின் உச்சியில், இரும்புக் கதவுக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். கதவு கீழே விழுந்ததும் புறப்பட்டு, மேடுகளும் வளைவுகளும் நிறைந்த ஏறக்குறைய 400 மீட்டர் தடத்தை முக்கால் நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். வண்டிக்கு ஒரே கியர்தான். பிரேக்கும் பின்னால் ஒன்றுதான். வளர்ந்தவர்கள் ஓட்டும் பந்தய வண்டி, அலுமினியத்திலோ கார்பனிலோ செய்தது, 8 முதல் 10 கிலோ இருக்கும்.

நாம் மூட்டை பிடிக்கும்போது மொத்த எடை, சாக்கு எடை, சரக்கு எடை என்று மூன்று பார்க்கிறோம். 50 கிலோ மூட்டையில் சணல் சாக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். சைக்கிளில் அப்படி இல்லை. ஹெல்மெட், உடை, காலணி எல்லாம் சேர்த்து ஓட்டுபவர் 80 கிலோ, வண்டி 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90. இதில் வண்டியின் பங்கு நூற்றுக்குப் பதினொன்று. பெரும் செலவு செய்து வண்டியில் ஒரு கிலோவை இறக்கினால் மொத்தத்தில் குறைவது நூற்றுக்கு 1.1 பங்கு. அதே கால் பலத்தில் மிதித்தால் அவ்வளவு பங்குதான் விரைவாக வேகம் எடுக்கும். அதே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்திலோ அதில் பாதிதான் மிச்சமாகும். புறப்பட்டு முதல் மூன்று வினாடியில் இந்த ஆதாயத்தைக் கணக்கிட்டால், ஒரு வினாடியை நூறாகப் பங்கிட்டதில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்தில் வண்டி நகரும் தூரம் ஒரு சாணுக்கும் குறைவு.

அதிலும் ஒரு கழிவு உண்டு. மேலே சொன்ன சரிவில் வண்டியை இழுப்பது பூமிதான். கனமான கல்லும் லேசான கல்லும் ஒன்றாகவே விழும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 8 மீட்டர் சரிவில் மிதிக்காமல் உருண்டாலே, உராய்வைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஐம்பது கிலோ ஆளுக்கும் அதே வேகம், நூறு கிலோ ஆளுக்கும் அதே வேகம். காற்றுத் தடையைச் சேர்த்தால் கனமானவருக்கு இம்மி அளவு லாபம்கூட உண்டு. காற்று அவரைப் பிடித்து நிறுத்துவது எடைக்குத் தக்கபடி பார்த்தால் குறைவு. வண்டியின் எடைக் குறைப்பு, மிதித்துப் பெறுகிற வேகத்தில் மட்டும்தான் வேலை செய்கிறது.

ஒரு சாண் என்றால் ஒன்றுமில்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் இறுதிப் பந்தயத்தில் இங்கிலாந்தின் பெத்தனி ஷ்ரைவர் 44.358 வினாடியில் முதலாவதாக வந்தார். கொலம்பியாவின் மரியானா பஹோன் 44.448 வினாடி. இடைவெளி 0.09 வினாடி. பஹோன் சாதாரண ஆள் அல்ல. 2012-லும் 2016-லும் தங்கம் வென்றவர். அந்த உச்சியில் ஓடுகிறவர்கள் ஒரு சாணையும் விலை கொடுத்து வாங்குவார்கள், வாங்கட்டும். ஷ்ரைவர் கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அதற்கு முன்பு அவர் நாட்டில் பெண்கள் பி.எம்.எக்ஸ். பந்தயத்துக்கு அரசு உதவிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக வேலை பார்த்து, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித்தான் தயாரானார். பணம் குறைவாக இருந்த அந்த நாட்களில் அவர் வளர்த்துக்கொண்டது புறப்பாட்டையும் கால் பலத்தையும்.

சரக்கே வண்டியைத் தள்ளுகிறது

சாக்கு, சரக்கு என்ற நம் கணக்கு இந்த இடத்தில் ஒரு திருப்பம் கொள்கிறது. லாரியில் ஏற்றிய அரிசி மூட்டை லாரிக்கு உதவி செய்யாது, கிடந்தபடி கிடக்கும். சைக்கிளில் ஏறியிருக்கும் சரக்கோ எழுந்து நின்று வண்டியைத் தள்ளுகிறது! ஓட்டுபவரின் எடையில் ஒரு பங்கு வெறும் சுமை, ஒரு பங்கு வேலை செய்யும் தசை. மூன்று கிலோ தசை கூடிய ஒருவர் அந்த மூன்று கிலோவையும் சுமந்துகொண்டு முன்னைவிட வேகமாகப் போகலாம். மூன்று கிலோ தொந்தி கூடியவருக்கு அந்த வசதி இல்லை. கல்லாப்பெட்டிக்கு முன்னால் நாற்பது வருடம் உட்கார்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பந்தயத் தடத்தில் அலை அலையாக மண் மேடுகள் இருக்கும். அவற்றின் மேல் மிதிக்க முடியாது. ஓட்டுபவர் பெடலில் நின்றபடி, மேட்டில் ஏறும்போது கைகால்களை மடக்கி உடம்பை லேசாக்கிக்கொண்டு, இறங்கும்போது கால்களை நீட்டி வண்டியை அழுத்துவார். ஊஞ்சலில் நின்று வீசி ஆடும் பிள்ளை செய்வதும் இதுதான். மிதிக்காமலே வேகம் கூடுகிறது. இந்த வேலையில் உடம்பின் எடைதான் கருவி. அழுத்துவதற்கு எடையும் வேண்டும், அதைத் தக்க நேரத்தில் இறக்கிவைக்கும் பலமும் வேண்டும். எலும்பும் தோலுமாக இருப்பவர் இந்தத் தடத்தில் கெட்டிக்காரராக இருப்பார் என்று நினைப்பது பிழை. உச்சியில் ஓடுகிறவர்களின் தொடைகளைப் பார்த்தாலே தெரியும்.

அப்படியானால் வண்டியின் எடை எங்கேதான் பேசுகிறது? மூன்று இடங்களில் பேசுகிறது.

கதவு விழும் அந்த நொடியில் ஓட்டுபவர் பெடலில் நின்றபடி ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்து, வண்டியை உடம்புக்கு அடியிலிருந்து முன்னால் எறிகிறார். உடம்பு பின்தங்கி நிற்க, வண்டி முந்துகிறது. அப்போது கை உணர்வது வண்டியின் எடையைத்தான். முதல் வளைவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவரைப் பிறகு முந்துவது கடினம் என்பதால் இந்த நொடிக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது இடம் சக்கரம். சட்டத்தில் உள்ள எடை முன்னால் மட்டும் நகருகிறது. ரிம்மிலும் டயரிலும் உள்ள எடை முன்னால் நகர்ந்தபடியே சுற்றவும் வேண்டியிருக்கிறது. அதனால் நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும்போது விளிம்பில் உள்ள ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவின் செலவு. கடையில் வண்டியைத் தூக்கிப் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியாது. இரண்டு வண்டிகள் ஒரே எடை இருக்கலாம். ஒன்றில் கனம் சட்டத்தில் இருக்கும், மற்றதில் டயரில் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது இடம் வித்தை ஓட்டம். ஃப்ரீஸ்டைல் என்று அதற்குப் பெயர். அதுவும் டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கில் உண்டு. ஆகாயத்தில் இருக்கும்போதே ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டு, சட்டத்தைக் காலுக்கு அடியில் ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு மறுபடி பெடலில் கால் வைக்கிறார்கள். அங்கே சுற்றுவது வண்டி மட்டும்தான். ஓட்டுபவர் 60 கிலோவா 90 கிலோவா என்பது அந்தச் சுற்றுக்குச் சம்பந்தமில்லை. வண்டியில் அரை கிலோ கூடினாலும் மணிக்கட்டுக்குத் தெரியும். இதற்கு நேர்மாறான வித்தையும் உண்டு. டோக்கியோவில் இங்கிலாந்தின் சார்லட் வொர்திங்டன் பின்பக்கம் குட்டிக்கரணமும் ஒரு முழுத் திருப்பமும் சேர்ந்த வித்தையை முதல் முறை செய்து விழுந்தார். இரண்டாம் முறை அதையே செய்து முடித்துத் தங்கம் பெற்றார். அதில் ஆளும் வண்டியும் ஒன்றாகச் சேர்ந்து சுற்றுகின்றன. அங்கே மொத்த எடையும் நெஞ்சுரமும்தான் கணக்கு.

லேசு மோகமும் அதன் விலையும்

வித்தை வண்டிகளின் கதை நம் போன்ற வியாபாரிகளுக்கு ரசமானது. 1990-களின் பிற்பகுதியில் படிக்கட்டு விளிம்புகளிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் வண்டியை உரசி ஓட்டும் பழக்கம் வலுத்தது. உடையாமல் இருக்க வேண்டும் என்று தடித்த அச்சு, தடித்த கிராங்க், கனத்த சட்டம் எனப் போட்டுப் போட்டு, வண்டிகள் 15 கிலோவையும் தாண்டின. 2000-களின் நடுவில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. யார் வண்டி லேசு என்பதே போட்டியாயிற்று. முன்னால் இருந்த 44 பல் சக்கரம் 25 பல்லாகச் சுருங்கியது. பின்னால் 16 பல் 9 பல்லாயிற்று. 44-ஐ 16-ஆல் வகுத்தாலும் 25-ஐ 9-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான். மிதிப்பு மாறாமல் எடை இறங்கியது. இது அறிவான மாற்றம், இன்றுவரை நிலைத்துவிட்டது. உலோக பெடலுக்குப் பதில் பிளாஸ்டிக் பெடல் வந்ததும் நிலைத்தது. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. குழாயின் சுவரை மெலிதாக்கினார்கள், கண்ட இடத்திலெல்லாம் துளை போட்டார்கள், நட்டு போல்ட்டுகூட டைட்டானியம் ஆயிற்று. முழு வண்டி 9 கிலோவுக்கும் வந்தது. சட்டம் நசுங்குவதும் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடுவதும் கூடவே வந்தன. பிற்பாடு பெரும்பாலோர் 11 கிலோ அளவில் திரும்பி வந்து நின்றார்கள்.

சாலைப் பந்தய சைக்கிளுக்கு 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் 2000-ல் விதி செய்தது. பி.எம்.எக்ஸ். வண்டிக்கு அந்த விதி இல்லை. தேவையும் படவில்லை, நாலடி உயரத்திலிருந்து குதித்து இறங்கும் இறக்கமே அந்த இன்ஸ்பெக்டர் வேலையைச் செய்துவிடுகிறது.

வண்டி எவ்வளவு லேசாக இருக்கலாம் என்பதை முடிவு செய்வது ஓட்டுபவரின் எடைதான். இதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர் என்று நாம் கருதுகிறோம். 30 கிலோ பையனுக்குத் தாங்கும் ரிம், 80 கிலோ வாலிபன் குதித்து இறங்கும்போது வளையும். மிக லேசான சில உதிரிப் பாகங்களில் இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று தயாரிப்பாளரே எழுதி அனுப்புகிறார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சரக்கை மட்டும் கொடுப்பது முறையல்ல. ஓடும் வண்டியில் ஃபோர்க் உடைந்தால் விழுவது முகம் குப்புற.

சின்னப் பிள்ளையின் கணக்கு வேறு

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்தவர் கணக்கு. சின்னப் பிள்ளை என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. நம் கடைகளுக்குச் சம்பந்தப்பட்டதும் இதுதான்.

ஆறு வயதுப் பிள்ளை சுமார் 20 கிலோ. சாதாரண எஃகில் செய்து, மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், பக்கத்துக்கு ஒரு சின்னச் சக்கரம் எல்லாம் மாட்டி நாம் விற்கும் வண்டி எளிதில் 11, 12 கிலோ வந்துவிடும். பிள்ளையின் எடையில் பாதிக்கும் மேல்! அதே விகிதத்தை 70 கிலோ மனிதருக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 40 கிலோ ஆகிறது. பால்காரர் ஓட்டும் பெரிய கருப்பு சைக்கிள் 20 கிலோ சொச்சம். அதில் இரண்டைச் சேர்த்துக் கட்டி, "மேடு ஏறு, குதி, திருப்பு" என்று நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும்? பிள்ளை பயப்படுகிறது, சோம்பேறியாக இருக்கிறது, கீழே விழுந்தால் வண்டியைத் தூக்கத் தெரியவில்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். குறை பிள்ளையிடம் இல்லை.

12 கிலோ வண்டியை 10 கிலோவாக்கினால் 20 கிலோ பிள்ளையின் மொத்தக் கணக்கு 32-லிருந்து 30-க்கு இறங்குகிறது. நூற்றுக்கு ஆறு பங்கு. வளர்ந்தவர் ஒரு கிலோவில் கண்டது ஒரு பங்கு. இரண்டு கிலோ என்றாலும் இரண்டு பங்குக்குச் சற்று மேல். அதே இரண்டு கிலோ பிள்ளைக்கு மூன்று மடங்கு பலன் தருகிறது. வேகத்தைவிடப் பெரிய பலன், முன் சக்கரத்தைத் தூக்குவது, வண்டியைச் சாய்த்துத் திருப்புவது, விழுந்தால் அடியிலிருந்து தானே எழுந்து வருவது ஆகியவை. மேல்நாட்டுப் பந்தயத் தடங்களில் சின்னப் பிள்ளைகளுக்கென்று மெல்லிய டயர், சின்ன கிராங்க், மெலிந்த குழாய் போட்டுத் தனி அளவில் வண்டி செய்கிறார்கள். அவற்றின் எடை 7 கிலோ அளவில் இருக்கும். பிள்ளை குறைந்த எடை என்பதால் அந்த மெலிந்த குழாயே போதுமான பலம்.

ஆகவே கடையில் தூக்கிப் பார்க்கும் தகப்பனாரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிள்ளைக்கு எத்தனை கிலோங்க?" என்பது. வயதையும் உயரத்தையும் கேட்கிறோம், எடையைக் கேட்பதில்லை. நம் கடையில் பிளாட்பாரத் தராசு இருக்கவே இருக்கிறது. வண்டியையும் நிறுத்து, பிள்ளையையும் ஏற்றி நிறுத்தால் இரண்டு நிமிட வேலை. பிள்ளைக்கும் அது ஒரு வேடிக்கை. வண்டி, பிள்ளையின் எடையில் பாதியைத் தாண்டுகிறது என்றால், வேறு வண்டி காட்டுவது நல்லது. "வளருகிற பிள்ளை, இரண்டு வருஷத்துக்கு வரட்டும்" என்று ஒரு அளவு பெரியதாகக் கேட்பவரிடமும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். நாம் சொல்லியும் கேட்காதவர்கள் இருப்பார்கள். அது வேறு விஷயம்.

இனி, உடம்பைக் குறை என்று சொல்லும் தகப்பனார் விஷயம். குத்துச்சண்டை, மல்யுத்தம், பளு தூக்குதல் ஆகியவற்றில் எடைப் பிரிவு உண்டு. உடம்பைக் குறைத்து ஒரு பிரிவு கீழே போய்ப் போட்டியிடும் பழக்கம் அங்கே இருக்கிறது. பி.எம்.எக்ஸ். பந்தயத்தில் பிரிப்பது வயதை வைத்தும் திறமையை வைத்தும்தான். எடைப் பிரிவே கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிரிவில் 30 கிலோ பையனும் 48 கிலோ பையனும் ஒரே கதவுக்குப் பின்னால் நிற்கலாம். அந்த 48 கிலோ பையன் வளர்ந்து பலம் சேர்த்தவனாக இருந்தால், கதவு விழுந்ததும் முன்னால் போகிறவன் பெரும்பாலும் அவன்தான். இப்படிப்பட்ட விளையாட்டுக்காக வளரும் பிள்ளையின் தட்டில் சோற்றைக் குறைப்பது அவன் முதலிலேயே கை வைப்பது. பட்டினியில் முதலில் கரைவது தொந்தி மட்டுமல்ல, மிதிக்கும் தசையும் சேர்ந்தே கரைகிறது. பையன் உண்மையிலேயே பருத்திருந்தால், தினமும் ஒரு மணி நேரம் அதே வண்டியில் ஓட விடுவதே மருந்து. அதையும் பரிகாசமாகச் சொல்லாமல் விட்டால் இன்னும் நல்லது.

வளர்ந்த வாலிபர்கள் பணம் சேர்த்துக்கொண்டு வந்து "லேசாக்கிக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால், செலவை எங்கே தொடங்குவது என்பதில் வரிசை உண்டு. முதலில் டயரும் டியூபும். அவற்றில் குறையும் எடைக்கு இரட்டைப் பலன், விலையும் குறைவு. மெல்லிய டியூப் எளிதில் பஞ்சர் ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்து ரிம். பிறகு சீட்டும் சீட்டுக் கம்பியும். பந்தயத்தில் அதில் யாரும் உட்காருவதே இல்லை. சட்டத்தை மாற்றுவது கடைசி. பணமும் அதில்தான் அதிகம். கிராங்கிலும் ஃபோர்க்கிலும் ஹேண்டில்பாரிலும் லேசு தேடக் கூடாது. டயரில் காற்றைக் கம்பெனி எழுதியிருக்கும் அளவுக்கு அடித்தாலே, தளர்ந்த டயரில் ஓடியவனுக்கு வண்டி ஒரு கிலோ இறங்கியது போலிருக்கும்.

பிள்ளைகள் வண்டிக்கு அதைவிடச் சுலபமான வழி, கலிபோர்னியாச் சிறுவர்கள் செய்ததுதான். கேரியர், ஸ்டாண்டு, பக்கச் சக்கரம், அலங்காரக் கூடை ஆகியவற்றைக் கழற்றினாலே ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும். பிரேக்கில் கை வைக்க வேண்டாம். தெருவில் ஓடும் வண்டிக்கு இரண்டு பிரேக்கும் மணியும் இருக்கட்டும். செயின் கவரையும் சின்னப் பிள்ளையின் வண்டியில் விட்டுவிடுவது நல்லது. கால்சட்டை சிக்கினால் பொல்லாப்பு. கழற்றிய சாமான்களை நட்டு போல்ட்டுடன் ஒரு பையில் கட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பையன் வளர்ந்த பிறகு அந்த வண்டியைப் பழையதாக விற்க வரும்போது, வாங்குகிறவர் ஸ்டாண்டு எங்கே, கேரியர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.